மழைக்காலமும் இரவல் ஆறுதலும்

சமீபமாக என் பார்வைக்கு வரும் கவிதைகளில் மழை அதிகம். அது சும்மா பெய்வதில்லை. கவிஞரின் துக்கத்தைக் கழுவிவிட்டுப் போகிறது. இயற்கை மனதை ஆற்றும் என்பது இவர்களுக்கு யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயமாகவே படவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு பஸ்ஸில் பாங்கு வேலைக்குப் போய் வருகிறவனுக்கு இதில் சந்தேகம் உண்டு.

இந்த நம்பிக்கை எனக்கு வந்தது பி.ஏ. வகுப்பில். வேர்ட்ஸ்வொர்த் ஐந்து வருஷம் கழித்து வை நதிக்கரைக்குத் திரும்பி 1798-ல் எழுதியதைப் பரீட்சைக்காக உருப்போட்டோம். நகரத்து அறைகளின் அலுப்பில் அந்த ஆற்றின் ஞாபகமே அவருக்கு மருந்து. நல்ல கவிதை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆறு அவர் வீட்டுக்குள் வரவில்லை.

என் வீட்டுக்குள் அடையாறு வந்தது. 2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்று பிறகு படித்தோம். அப்போது கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் தண்ணீரின் சத்தம் மட்டும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பாடப் புத்தகங்கள் ஊறிப் பருத்து, இழுக்க வரவில்லை. அதைவிட, அம்மா. இன்றும் தூறல் விழுந்தால் எழுந்துபோய் வாசல்படியைப் பார்க்கிறாள்.

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1929-ல் ஒரு கட்டுரையில், வேர்ட்ஸ்வொர்த்தின் இயற்கைப் பக்தி வெப்பமண்டலத்தில் செல்லுபடியாகாது என்று வாதாடினார். பாதி சரி. அவர் கண்ணில் இருந்தது மனிதனுக்கு அந்நியமான காடு. நம் சங்கடம் காடல்ல; நாம் குடியிருக்கும் இடத்தில் ஓடும் ஆறு. ஹக்ஸ்லி பயத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடலாம். பயந்தவர்களோடு அடுத்த மழைக்காலத்தையும் கழித்தாக வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

இங்கேதான் நெடுநல்வாடை எனக்குப் பயன்பட்டது. 188 அடிகளில் நக்கீரர் வாடைக்காலத்தை மருந்தாகவும் எழுதவில்லை, பயங்கரமாகவும் எழுதவில்லை. வீட்டுப் புறாச் சேவல் இரவா பகலா என்று தெரியாமல், இரைதேடவும் போகாமல், கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. வேலையற்றுத் தொங்கும் விசிறியில் சிலந்தி நூல். மேக மூட்டத்தில் பொழுது தெரியாத பெண்கள், பூந்தட்டில் வைத்த பிச்சி அரும்பு விரிந்து மணப்பதை வைத்து மாலை வந்ததென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். பூ ஆறுதல் சொல்லவில்லை. மணி சொல்கிறது. அரசியின் துயரம் அதனால் குறையவில்லை. உடனிருக்கும் பெண்கள் தேற்றியும் குறையவில்லை. ஆனால் விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. (இந்தப் பாட்டு அகமா புறமா என்று வேலில் கட்டிய ஒரு வேப்பந்தழையை வைத்துக்கொண்டு பண்டிதர்கள் சண்டையிட்டார்கள். புறாவின் காலையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.)

நம்மவர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. அடையாறு தியோசபிகல் சொசைட்டி ஆலமரத்தின் மூலமரம் 1989-ல் புயலில் விழுந்தது, விழுதுகள் நிற்கின்றன. இதைக் கேட்டதும் ஒரு கவிஞருக்கு நீதி கிடைத்துவிடுகிறது. மரம் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அத்தோடு தீர்ந்துபோகிறது. படிமம் என்று நாம் பெருமையாகச் சொல்வது பல சமயம் பார்க்காமல் இருப்பதற்கான வசதிதான். நானும் அப்படி எழுதியவன். அந்தக் கவிதைகளும் அந்தக் கீழ்த்தட்டில்தான் இருந்தன. அவற்றுக்காக நான் வருத்தப்படவில்லை.

மழை விட்டது என்று நான் சொன்னால் அம்மா நம்புவதில்லை. டி.வி. சொன்னாலும் நம்புவதில்லை. மொட்டைமாடியில் சோறு வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். காக்கை வந்து எடுத்தால், கீழே வந்து ஈரத்துணியைக் கொடியில் போடுகிறாள். அவள் முகத்தில் அப்போது தெரிவதை ஆறுதல் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு வந்த கவிதைகள் எதிலும் அந்தக் காக்கை எத்தனை மணிக்கு வந்தது என்று இல்லை.