வெப்ஸ்டரின் உரையும் தேவசித்தமும்

அமெரிக்கச் செனட் சபையில் 1850 மார்ச் 7ஆம் நாள் டேனியல் வெப்ஸ்டர் ஆற்றிய உரை நாவன்மைக்குப் பெயர்பெற்றது. அவருடைய நாவன்மையை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், அவ்வுரையில் இறைவனுடைய திருநாமம் எப்பணிக்கு அமர்த்தப்பட்டது என்று கேட்க இறையியல் மாணாக்கர் கடமைப்பட்டவர்.

மெக்சிகோவுடனான போர் 1848இல் முடிந்தபோது கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் அமெரிக்காவின் வசமாயின. அந்நிலங்களில் அடிமைமுறை புகாதபடி சட்டம் வேண்டும் என்று, டேவிட் வில்மட் 1846இல் முன்மொழிந்த விதியை ஆதரித்தோர் வற்புறுத்தினர். வெப்ஸ்டர் அது தேவையில்லை என்றார். வறண்ட மலைநாட்டில் அடிமைமுறை வேரூன்றாது. இயற்கையின் நியமமாகவும் தேவசித்தமாகவும் உள்ளதை மனிதர் மீண்டும் சட்டமாக்குவது வீண் என்பது அவர் வாதம்.

பக்திபோல் ஒலிக்கும் இவ்வாதத்தை நடந்தவை பொய்யாக்கின. யூட்டா 1852இல் அடிமைமுறைக்குச் சட்ட ஒப்புதல் தந்தது. நியூ மெக்சிகோ 1859இல் அதற்கெனச் சட்டத்தொகுப்பே இயற்றியது. அங்கிருந்த அடிமைகள் சிலரே என்று வெப்ஸ்டருக்காக வாதாடலாம். அச்சிலருக்கு அது என்ன ஆறுதல்? மேலும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் காரியத்தை அவர் இயற்கையின் பொறுப்பில் விடவில்லை. அதற்குக் கடுமையான சட்டத்தையே அதே உரையில் ஆதரித்தார்! அவ்வாண்டு செப்டம்பரில் அது நிறைவேறியது. அடைக்கலம் தந்தவருக்கு 1000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாயிற்று. தடுக்கவேண்டிய இடத்தில் மட்டும் தேவசித்தத்தை நினைவுகூர்வதைத் தேவ பராமரிப்புக் கோட்பாடு என நாம் ஏற்பதற்கில்லை.

நான்கு நாள் கழித்து அதே சபையில் பேசிய வில்லியம் சீவர்டும் இறைவனையே முன்னிறுத்தினார். ஆனால் அரசமைப்புக்கும் மேலான நியமம் ஒன்று உண்டு என்றும், அந்நிலங்களுக்கு நாம் படைத்தவரின் உக்கிராணக்காரர் மட்டுமே என்றும் கூறினார். உக்கிராணக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் அல்லவா?

வெப்ஸ்டருக்குத் துணையாக அவ்வாண்டே நூல் எழுதியவர், ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் 1810 முதல் 1848 வரை திருமறை பயிற்றுவித்த மோசஸ் ஸ்டூவர்ட். அடிமைமுறை தீமை என்பதை அவரும் ஒப்புக்கொண்டவரே. ஆயினும், ஓடிவந்த அடிமையை ஒப்புக்கொடாதே என்னும் உபாகமம் 23ஆம் அதிகாரத்துக் கட்டளை, புறஜாதியாரிடமிருந்து இஸ்ரவேலுக்குள் வந்தவனையே குறிக்கும் என்றார். அவ்விளக்கத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. பவுல் ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பியதையும் அவர் சான்றாக்கினார். நமக்கு இடறலாய் இருப்பது இதுவே. பவுல் அவனை எந்தச் சேவகனிடமும் ஒப்புவிக்கவில்லை. சகோதரனாக ஏற்கும்படி கடிதம் எழுதி, அவன் பட்ட கடனையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார். கைவிலங்குடன் தெற்கே கொண்டுசெல்லப்பட்டவர்களுக்காக அப்படிக் கடன் ஏற்றவர் யார்? ஸ்டூவர்ட்டின் நூலை மாணாக்கர் வாசிக்கட்டும். அதற்குமுன் பிலேமோன் நிருபத்தின் 25 வசனங்களையும் ஒருமுறை முழுவதும் வாசித்துவிடட்டும்.