செல்ஃப் எடுக்காத பழைய மோட்டார் சைக்கிள்: சென்னை வழியும் யாழ்ப்பாண வழியும்

பட்டனை அழுத்தினால் பக்க மூடிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை. கம்போங் ராஜாவில் பழைய ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கு மழை பிடித்த வாரங்களில் இந்தச் சத்தம் நன்றாகப் பழக்கம். சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை கேமரன் மலையைத் தொடுகிற வடகோடி ஊர் இது. காய்கறித் தோட்டங்களும் புளூ வேலி தேயிலைத் தோட்டமும் எந்நேரமும் ஈரத்திலேயே கிடக்கும். செம்பு வயர் எங்கெல்லாம் போல்ட்டில் உட்காருகிறதோ அங்கெல்லாம் பச்சை பூத்துவிடும்.

ஊட்டியிலும் நுவரெலியாவிலும் இதே ஈரம், இதே பச்சை. மூன்று இடத்திலும் தேயிலையோடு மலை ஏறிய தமிழ்க் குடும்பங்கள்தான். ஆனால் அந்த 'டக்' கேட்டதும் மெக்கானிக்கின் கை எங்கே போகிறது என்பதில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நான் கண்ட வித்தியாசம் பெரிது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஸ்பேனர் எடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். இலங்கையில் முதலில் வயரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். திறமையில் இரு தரப்பும் சமம். கைக்கு எட்டும் தூரத்தில் என்ன பொருள் கிடைத்தது என்பதே அவர்களுடைய பழக்கத்தைத் தீர்மானித்தது.

அந்த 'டக்', ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் சத்தம். அது கேட்டால் பட்டன் வேலை செய்கிறது, ரிலேயின் காயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பழுது அதற்கு அப்பால்: இறங்கிய பேட்டரி, கருகிப்போன ரிலே முனை, தளர்ந்த கேபிள், கெட்ட எர்த், கடைசியாகத்தான் மோட்டார். ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை எர்த் போல்ட்டில் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ஆம்பியர் இழுக்கும்போது 1 வோல்ட் அந்தப் போல்ட்டிலேயே போய்விடும். அதே போல்ட் வழியாக ஹெட்லைட் 3 ஆம்பியர் இழுத்தால் இழப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் "லைட் பளிச்சென்று எரிகிறது, பேட்டரியும் வயரும் சரிதான்" என்கிற முடிவு இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

தமிழ்நாட்டுப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள புல்லட்டிலிருந்து தொடங்க வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த புல்லட்டுகளில் கிக் மட்டும்தான். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கை மெல்ல நகர்த்தி, பிறகு ஒரே மிதி. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த கலை அது. யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ்100 என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் அத்தனையும் கிக் வண்டிகள். பட்டனை அழுத்திக் கிளப்புவது ஸ்கூட்டரில் கைனடிக் ஹோண்டா காட்டிய சொகுசாக இருந்தது.

பிற்பாடு பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் செல்ஃப் பொருத்தியபோது ஒரு புதிய நோய் வந்தது: ஸ்ப்ராக் உடைவது. மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது மட்டும் பிடித்துக்கொண்டு, எஞ்சின் கிளம்பியதும் விட்டுவிடுகிற ஒருவழிக் கிளட்ச் அது. பேட்டரி பலவீனமாக இருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி விழுந்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். காலால் மிதித்திருந்தால் முழங்காலுக்கு வலி. செல்ஃபில் அந்த உதை முழுவதும் ஸ்ப்ராக்கின் தலையில் இறங்கும். ஆக, உடைந்தது ஸ்ப்ராக், உடைத்தது பேட்டரி. இதை அறிந்தவர்கள் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கில்தான் செய்தார்கள். அறியாதவர்கள் ஸ்ப்ராக் மாற்றினார்கள், பிறகு மறுபடியும் மாற்றினார்கள்.

மாற்ற முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1960களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் செய்துவரும் மாநிலம் அது. கார்பன் பிரஷ் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆர்மேச்சர் எரிந்தாலும் கோயம்புத்தூரில் வைண்டிங் கடை தேடி அலைய வேண்டியதில்லை. பாகம் இவ்வளவு அருகில் இருக்கும்போது பழுதின் காரணத்தைத் தேடி ஒரு மணி நேரம் செலவிட எந்த மெக்கானிக்குக்கு மனம் வரும்? மாலைக்குள் வண்டி ஓட வேண்டும், ஓடும். அந்த வேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பச்சை பூத்த எர்த் வயர் அப்படியே இருக்க, புது மோட்டார் ஏறிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

இலங்கையில் அடிப்படையே வேறு. அங்கே நெடுங்காலம் சாலையை நிறைத்தவை ஜப்பானிலிருந்து வந்த ஹோண்டாக்கள்: எம்.டி.90, சி.டி.125, சி.டி.200. பாகம் வேண்டுமானால் கொழும்பில் பஞ்சிகாவத்தை, இல்லாவிட்டால் உள்ளூரில் கிடக்கும் இன்னொரு வண்டியின் உடல். வடக்கில் அதுவும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் தடை, பேட்டரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் உண்டு. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் பீய்ச்சி, கிக்கை மிதித்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பேட்டரி இல்லாமல் மேக்னட்டோவில் தீப்பொறி வரும் வண்டிகள் பிழைத்தன. செல்ஃப் மோட்டார் அந்த ஆண்டுகளில் வெறும் சுமை.

அந்தக் கராஜ்களில் வளர்ந்தவர்கள் ஒரு பாகத்தைப் பழுது என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். மாற்றுவதற்கு இல்லாத பொருளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? 2009இல் போர் முடிந்தபின் இந்திய வண்டிகள் வடக்கில் பெருகின, பாகங்களும் வந்தன, பழக்கம் கொஞ்சம் தளர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் எரிபொருளும் பங்கீட்டுக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்தார்கள். வரிசையில் நிற்கும் வண்டியைக் கிளப்பியும் அணைத்தும் நகர்த்தினால் பேட்டரி இறங்கும், திரும்ப ஏறுவதற்கான ஓட்டம் கிடைக்காது. 2025இல் இறக்குமதி திறக்கும்வரை, இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதுதான் வழி என்று நாடு முழுவதும் பழகிவிட்டது.

அந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். தடித்த வயர் ஒன்றை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடிப்பது. வண்டி நியூட்ரலில் இருக்க, பட்டனை அழுத்தினால் எஞ்சின் உயிரோடு சுற்றுகிறதா? பழுது எர்த்தில். சுற்றவில்லையென்றால் அதே வயரைப் பாசிட்டிவ் பக்கத்துக்குக் கொண்டுபோய் ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் இணைத்துப் பார்ப்பது. இப்போது சுற்றினால் ரிலே. இரண்டிலும் அசையவில்லை, பேட்டரியும் கேபிள் இணைப்புகளும் நல்லவை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனர். மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம்: அரை நாள் ஓட்டாமல் வைத்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பட்டனை அழுத்தியிருக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

இலங்கை வழியிலும் ஒரு குறை உண்டு. பொறுமை மிஞ்சிப்போகும். தேய்ந்த பிரஷின் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டுவார்கள். பிரஷ் தீர்ந்து உலோகம் கம்யூட்டேட்டரை உரசும்போது, மலிவான பிரஷைக் காக்கப்போய் விலையுயர்ந்த ஆர்மேச்சர் போய்விடும். இந்த இடத்தில் தமிழ்நாட்டு மெக்கானிக் சொல்வதுதான் சரி: பாதி தேய்ந்ததும் மாற்று, செம்புக் கட்டங்களுக்கு இடையில் அடைந்த கரியைச் சுரண்டி எடு, மூடு.

கம்போங் ராஜாவில் இருக்கிற நமக்கு ஈப்போ பக்கம். கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளின் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய இரட்டைச் சிலிண்டர் ஹோண்டாவின் பாகம் அப்படிக் கிடைக்காது. அந்த வகையில் நம் நிலைமை இலங்கையோடுதான் சேரும். ஆகவே நோயைக் கண்டுபிடிப்பதில் யாழ்ப்பாணத்தைப் பின்பற்றுவோம். மழைக்காலத்துக்கு முன்பே எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியத் தேய்த்து, முறுக்கியபின் மேலே கிரீஸ் பூசுவோம். மோட்டார் மட்டும் 'உய்ய்' என்று சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் அது வயர் பழுதல்ல, பிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழிக் கிளட்ச். அங்கே பொறுமை கூடாது. தேய்ந்த ரோலர் தான் ஓடும் பள்ளத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மூன்று ரோலரையும் ஸ்பிரிங்கோடு மாற்றி, தளர்ந்துபோகும் அந்த மூன்று திருகுகளையும் லாக்டைட் வைத்து இறுக்கிய பிறகே மூடியைப் போட வேண்டும்.