வேண்டும் என்பதும் விசுவாசம் என்பதும்

புனித பிரான்சிஸ் சவேரியாரின் மடல்கள் என்றதும் நம்முள் பலருக்கு ஒரே ஒரு மடல்தான் நினைவுக்கு வரும். 1544 ஜனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையில் வாழ்ந்த தம் சபைத் தோழர்களுக்கு அவர் வரைந்த நெடுமடல் அது. திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோன செய்தியும், பாரிசுப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று கற்றோர் செவியில் கூவ வேண்டும் என்னும் வேட்கையும் அதில்தான் உள்ளன. அடுத்த ஆண்டே அது பாரிசில் அச்சேறியது. டிசம்பர் 3-ஆம் நாள் மறையுரைகளில் நாமும் அதையே எடுத்தாண்டு வருகிறோம். ஆயினும், அதே 1544-இல் முத்துக்குளித்துறையில் தம்முடன் உழைத்த பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு அவர் அவசரமாக எழுதிய சிறு மடல்களுள் ஒன்று அதனினும் உயர்ந்தது என்பது நம் துணிபு.

முதலில் நெடுமடலின் சிறப்பைக் கூறிவிடுவோம். 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் கரையிறங்கியபோது சவேரியாருக்கு வயது முப்பத்தாறு. அவ்வாண்டின் பிற்பகுதியில் பரதவர் நடுவே வந்து சேர்ந்தார். அம்மக்களின் மொழி தமிழ், தம் தாய்மொழி பாஸ்கு, ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்கவில்லை என்று அவர் மறைக்காமல் எழுதுகிறார். இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டி, பெரும்பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கியதையும், அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்ததையும் விவரிக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதனை உறுதியாக விசுவசிக்கிறீர்களா என்று கேட்க, மக்கள் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து ஓங்கிய குரலில் ஆம் என்றார்களாம். படிப்போர் நெஞ்சை நெகிழ்விக்கும் காட்சி இது.

எனினும் அம்மடலின் குறையை நாம் மூடிவைக்கலாகாது. அது ஐரோப்பாவை எழுப்ப எழுதப்பட்ட மடல்; ஆகவே அதில் ஐயத்திற்கு இடமில்லை. பிராமணர்களைப் பற்றிய கடுஞ்சொற்களும், சிறுவர்கள் தம் முன்னோர் வணங்கிய திருவுருவங்களை இழிவுபடுத்துவதில் காணும் மகிழ்ச்சியும் அதில் உண்டு. கற்றறிந்த பிராமணர் ஒருவரை மட்டுமே அக்கரை முழுவதிலும் கண்டதாக அவர் எழுதுகிறார். அடியவர் பாடல்கள் ஒலித்த நாட்டில், அவற்றைக் கேட்கும் செவி அப்போது அவருக்கு வாய்க்கவில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதன் பின் குருமடத்தில் பயின்ற நாம் இப்பகுதிகளை வருத்தமின்றிப் படிக்க இயலாது. புனிதர் என்பதற்காக அவர் எழுதியதெல்லாம் சரியே என வாதிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

இனிச் சிறுமடலுக்கு வருவோம். விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவரும் இடத்தில், ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்று சொல்லுமாறு சவேரியார் மான்சிலாசுக்கு அறிவுறுத்துகிறார். முன்னது விரும்புவதையும் பின்னது விசுவசிப்பதையும் குறிக்கும் என்று காரணமும் தருகிறார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் வலுக்கட்டாயத்தைக் குறிக்கும் ஒரு சொல்லையும் விலக்கச் சொல்கிறார்; ஆண்டவர் தம் விருப்பத்தால் பாடுபட்டாரேயன்றி எவருடைய வற்புறுத்தலாலும் அல்லவே!

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மார்பின்மேல் கைவைத்து மக்கள் ஓங்கி அறிக்கையிட்ட அந்தச் செபத்தில், கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்கு மாறாக எனக்குக் கடவுள் வேண்டும் என்ற பொருளே ஒலித்திருக்கிறது. இப்பிழை பிறர் கண்ணுக்குப் புலப்படாமலே போயிருக்கக்கூடும். தம் பிழையைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்ட இவ்வரிகளில்தான் அயல்நாட்டு மறைபரப்பாளர் தமிழுக்கு மாணவராகிறார். பிழையை அவருக்கு உணர்த்தியவர் யார்? வல்லமும் வலையும் அறிந்த ஒரு பரதவராகவோ, உடன்சென்ற மொழிபெயர்ப்பாளராகவோ இருக்கலாம் என்பது நம் ஊகம். யாராயினும், நம் மண்ணின் பொதுநிலையினர் ஒருவர் அன்று குருவானவருக்கு ஆசிரியராய் இருந்திருக்க வேண்டும்.

அவர் தொடங்கிய திருத்தம் அவரோடு நின்றுவிடவில்லை. 1546-இல் வந்த என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் தமிழை இலக்கண முறையில் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். நம் காலத்திலோ விசுவாசப் பிரமாணம் ‘நம்பிக்கை அறிக்கை’ ஆகி, ‘விசுவசிக்கிறேன்’ என்பது ‘நம்புகிறேன்’ என மாறியுள்ளது. பழஞ்சொல்லை இழந்த மனக்குறை முதியோரிடம் இன்றும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: சொல்லை மாற்றும் துணிவு நமக்குச் சவேரியாரிடமிருந்தே வந்தது.

ஆனால் சொல் மாறினால் போதுமா? 1545-இல் சவேரியார் நாகப்பட்டினத்தில் தங்கிப் பின் மயிலாப்பூர் சென்றார். நிலவழியோ கடல்வழியோ, எங்கள் காரைக்கால் கரையைக் கடந்தே அவர் சென்றிருக்க வேண்டும். இன்றும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் போலகம் பக்கமாகக் கூட்டங்கூட்டமாய்ச் செல்கின்றனர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வேண்டுதல். அதை நாம் இகழவில்லை, வேண்டுவதும் செபமே. ஆயினும் கடவுள் இருக்கிறார் என நம்புவதும், அவர் சொல்வதை நம்புவதும், அவரிடமே நம்மை ஒப்படைத்து நம்புவதும் வெவ்வேறு என்று புனித அகுஸ்தீனாரின் வழிநின்று மறையியல் கற்பிக்கிறது. மூன்றாவதை ‘வேண்டும்’ என்ற சொல் தாங்காது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் மகனை இழந்த தாய் ஒருவரைப் போலகத்தில் சந்தித்தோம். நாம் அப்போது இளங்குரு. ஆறுதலாக எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். “இனிமே அவருகிட்ட எதையும் கேக்க மாட்டேன் சாமி” என்றார் அந்த அம்மா. அடுத்த ஞாயிறன்று திருப்பலிக்கு வந்திருந்தார். மன்றாட்டுகளின்போது அவர் வாய் திறக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாரோடும் சேர்ந்து சொன்னார். சவேரியார் நீக்கச் சொன்ன சொல்லுக்கும் சேர்க்கச் சொன்ன சொல்லுக்கும் உள்ள தொலைவு அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

வரும் டிசம்பர் 3-ஆம் நாள் கை ஓய்ந்த சவேரியாரைப் பற்றி மீண்டும் கேட்பீர்கள். அதனோடு, தம் செபத்தில் ஒரு சொல்லைத் திருத்திய சவேரியாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று அந்த அறிக்கையைச் சொல்லும்போது, நம் நாவில் எந்தச் சொல் இருக்கிறது, நெஞ்சில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒருமுறை நின்று கேட்டுக்கொள்வோம்.