மாத்திரை சரி, சம்ப்பு?

குடற்புழு நீக்க நாளைக் குறை சொல்ல வரல. 2015ல் மத்திய அரசு தொடங்கிய நல்ல திட்டம்தான். ஆனா பள்ளியில் தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒத்த மாத்திரை, மண் வழியா பரவும் உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கானது. தண்ணீரில் வரும் ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம் எல்லாம் புழுவே இல்ல. ஒரு செல் உயிரிகள். அதுக்கெல்லாம் இந்த ஒரு மாத்திரை போதாது.

கிரிப்டோஸ்போரிடியம் குளோரினையும் தாங்கும். 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கியில், சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் குடிச்சே சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. தி.நகர் மாதிரி நெரிசலான பகுதியில், சம்ப்புக்குள் சாக்கடை கசிஞ்சா குளோரின் மட்டும் காப்பாத்தாது. எத்தனை பிள்ளைகள் மாத்திரை விழுங்கினாங்கன்னு கணக்கெடுக்கிறோம். சம்ப்பை எப்போ கழுவினாங்கங்கிற தேதியும் அதே பதிவேட்டில் வரணும். அதுவரை வீட்டில் கொதிக்க வச்சு ஆற்றின தண்ணீரையே பாட்டிலில் கொடுத்தனுப்புங்க.