இரண்டே தையலில் ஓர் உறை

சோபாவில் சாய்ந்துகொள்ளும் குஷனுக்கு ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், ஜாலர் வேண்டவே வேண்டாம். ஒரே நீளத் துணியின் இரு முனைகளும் முதுகுப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும்படி மடித்து, பக்கவாட்டில் இரண்டு நேர்த் தையல் ஓட்டினால் உறை தயார். தையல் பழக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அதனாலேயே பலர் இதைப் பயிற்சி வேலை என்று கடந்துவிடுகிறார்கள். வீட்டுத் தையலில் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை இல்லை. ரவிக்கையில் உடம்பின் வளைவுக்குத் துணி அடங்கிப்போக வேண்டும். கழுத்து, கை, டக் என்று ஒவ்வொரு வெட்டும் நெய்தவரின் கோட்டைக் கலைக்கும். உறையில் அந்தக் கோடு கலையாமல் நிற்கிறது. ஆகவே, இங்கே வேலையின் அழகு தைப்பதில் இல்லை. எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று தீர்மானிப்பதில் இருக்கிறது.

கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய துணி என்றால் கணக்கு சுலபம். 16 அங்குல உறைக்கு அகலம் 17. நீளத்தில் முன்னும் பின்னுமாக 32, ஏறிப் படிய 4½, இரு முனைகளையும் மடித்து ஓரம் அடிக்க 2½, ஆக 39. பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே டேப்பை எடுக்க வேண்டும்.

கைத்தறிப் புடவையில் இறங்கினால்தான் இந்த வேலையின் ருசி தெரியும். உடுத்தி உடுத்திக் கஞ்சி போய், மெதுவாகிவிட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒன்று பீரோவில் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி தடித்த பருத்தி, அகலக் கரை, கட்டமும் கோடுமாக நெய்தது. மெல்லிய காட்டன் புடவையை உறையாக்கினால் தையலோரத்தில் இழை விலகும். கண்டாங்கி அந்த இழுப்பைத் தாங்கும்.

புடவையின் அகலத்தை அளந்தால் 47 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 20 அங்குலக் குஷனுக்கு முன்பக்கம் 20, பின்பக்கம் 20. மிச்சம் 7 அங்குலம் ஏறிப் படிவதற்கு. புடவையின் முழு அகலமும் கச்சிதமாகச் செலவாகிவிடுகிறது. வாய் திறக்கும் இரண்டு விளிம்புகளும் தறியிலேயே முடிந்து வந்த கரை ஓரங்கள். பிசிறு கிடையாது, ஓரம் அடிக்கத் தேவையில்லை. நீளத்தில் 21 அங்குலம் வெட்டி, மடித்து, பக்கத்துக்கு ஒரு தையல். ஏதோ உறைக்காகவே அளந்து நெய்தது போன்ற இந்தப் பொருத்தத்தை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

வெட்டுவதில்தான் பொறுமை வேண்டும். ஜவுளிக்கடையில் கத்தரியால் ஒரு நறுக்கு கொடுத்துவிட்டுச் சர்ரென்று கிழித்துத் தருவார்கள். மில் துணிக்கு அது நல்ல வழி, இழையோடு நேராகப் போகும். கண்டாங்கியை அப்படிக் கிழித்தால் கெட்டியான கரையில் சிக்கும், ஓரம் சுருளும். கரையில் சிறு நறுக்கு போட்டு, ஊடை நூல் ஒன்றை விரலால் பற்றி மெல்ல இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும், நூல் வழியில் அறுந்துபோகும். அறுந்த இடத்திலிருந்து மறுபடி பிடிக்க வேண்டும். நூல் போன தடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். கத்தரி அந்தக் கோட்டில்தான் போக வேண்டும். பல வருஷம் துவைத்துப் பிழிந்த புடவையில் ஊடை சற்றுச் சாய்ந்திருக்கலாம், ஸ்கேலும் சாக்பீஸும் அதைக் காட்டாது. இழுத்த நூல் காட்டிவிடும்.

அடுத்தது மடிப்பு. மடிப்புக்கோடு ஒரு கட்டத்தின் சரிநடுவில் விழுந்தால், முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் பக்கத் தையலில் தாமாகவே சந்திக்கும். கட்டத்தின் ஓரத்தில் விழுந்தால் சந்திக்காது, எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் உறை கோணல் போலத் தோன்றும். இரண்டு மடிப்பும் இப்படி நடுவில் விழ, உறையின் அளவைக் கட்டத்துக்கு ஏற்பச் சற்றே கூட்டவோ குறைக்கவோ நேரும். 20 அங்குலம் 19¾ ஆகிப்போனாலும் நான் கட்டத்தின் பக்கம்தான்.

மெஷினுக்கு இதில் சிறிய பங்குதான் என்றாலும் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924-ல் காந்தியிடம் கேட்டார் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர். பின்னாளில், 1947-ல், சௌந்திரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். அவருக்குச் சொன்ன பதிலில் காந்தி விலக்குக் கொடுத்த இயந்திரம் சிங்கர் தையல் மெஷின். மனிதரின் உழைப்பைப் பிடுங்காமல் இலகுவாக்குவது என்பதே அவர் கண்ட நியாயம். மிதித்துத் தைக்கிறவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. மேல்நூலும் பாபின் நூலும் துணியின் தடிமனுக்குள்ளேயே கொக்கி போட்டுக்கொள்ளும் அந்தப் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோவே 1846-லும் சிங்கர் 1851-லும் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய வீட்டு மெஷின்களும் அதே தையலைத்தான் போடுகின்றன. தைத்த துணியின் மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். டென்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கண்டாங்கிக்கு 16-ஆம் நம்பர் ஊசி நல்லது. முனைகள் ஏறிப் படிந்த இடத்தில் துணி மூன்றடுக்கு, அங்கே மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடக்கலாம். வாய்ப்பக்கம் அடிக்கடி இழுபடும் இடமும் அதுதான், முன்னும் பின்னுமாகக் கெட்டித் தையல் போட்டுவிட வேண்டும்.

பக்கத் தையலை நான் இரண்டு முறை போடுவேன். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறைப் பாதியாக நறுக்கி, உள்வெளியாகத் திருப்பி, மறுபடி கால் அங்குலத்தில் இன்னொன்று. வெட்டிய ஓரம் முழுவதும் மடிப்புக்குள் அடங்கிவிடும். ஓவர்லாக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வாளியில் ஊறினாலும் வாஷிங் மெஷினில் சுழன்றாலும் ஒரு நூல் பிரியாது. இந்த இரண்டாவது தையலில்தான் நேர்க்கோட்டை விட்டு விலக ஓர் இடம் உண்டு. மூலைக்கு மூன்று அங்குலம் இருக்கும்போதே தையலைக் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே சாய்த்து, மூலையில் கால் அங்குலம் உள்வாங்கி முடிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், குஷனை நுழைத்ததும் நான்கு மூலையும் காதுபோல நீட்டிக்கொண்டு காலியாகத் தொங்கும்.

உள்ளே வைக்கும் குஷன் உறையைவிட ஓர் அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். அப்போதுதான் கட்டங்கள் விறைப்பாக நின்று தெரியும். இலவம் பஞ்சு என்றால் இரண்டு அங்குலம்கூடப் பெரிதாக இருக்கலாம், அது நாளடைவில் படியும். அதன் இழை மிக நுண்ணியது, கைத்தறியின் இடுக்கு வழியே வெளியே வந்துவிடும். நெருக்கமாக நெய்த உள்ளுறை அதற்குக் கட்டாயம்.

எது முகம், எது முதுகு என்பது கடைசித் தீர்மானம். வழக்கப்படி வாய் பின்னால் போகும். கண்டாங்கியில் நான் அதைத் திருப்பி வைப்பேன். மேலே ஏறிப் படியும் முனையில் முழுக் கரையும் இருக்கிறது, அரக்கு உடலுக்கு நடுவே மஞ்சள் கரை பட்டையாக ஓடுகிறது. திறப்பு எங்கே என்று தேடினாலும் தெரியாது. இதைச் சுவர்ப்பக்கம் ஒளித்துவைக்க எனக்கு மனம் வராது.

ஐந்தரை மீட்டர் புடவையில் முந்தியையும் சேர்த்தால் பத்து உறை தேறும். பழைய புடவையில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. வெட்டுமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கொசுவம் வந்த இடத்தின் அடிப்பக்கத்திலும் இடுப்பில் செருகிய இடத்திலும் இழை இற்றிருப்பது தெரியும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். முந்தியை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். அங்கே கோடுகளின் வரிசை மாறும், மடிப்பு விழும் இடமும் அதற்கேற்ப மாறும். உடல் பகுதியில் இரண்டு மூன்று தைத்து, அந்தப் புடவையின் கட்டம் கைக்குப் பிடிபட்ட பிறகு எடுங்கள்.