பெரிய வெள்ளி ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

1962ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பெரிய வெள்ளி. அன்று அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் ஆலயத்தில் ஹோவர்ட் தர்மன் நடத்திய ஆராதனை, ஒலிபெருக்கி வழியாகக் கீழ்த்தளத்துச் சிற்றாலயத்திலும் கேட்டது. அங்கே ஆண்டோவர் நியூட்டன் இறையியல் கல்லூரி மாணவர் 20 பேர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் 10 பேருக்கு 30 மில்லிகிராம் சைலோசைபினும், ஏனையோருக்கு நிக்கோடினிக் அமிலமும் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தன. சைலோசைபின், சிலவகைக் காளான்களில் காணப்படுவதும் புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றவல்லதுமான பொருள். மருத்துவரும் அருட்பணியாளருமான வால்ட்டர் பாங்க்கி, ஹார்வர்டில் தம் முனைவர் பட்டத்திற்காக இவ்வாராய்ச்சியை நடத்தினார். சைலோசைபின் உண்டோரிடம் மறைஞான அனுபவத்தின் இயல்புகள் மிகுந்து காணப்பட்டன என்பது அவர் கண்ட முடிவு.

இதனை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு செய்யத் துணியோம். 1991இல் ரிக் டாப்ளின் வெளியிட்ட தொடராய்வில், அவர் கண்டு பேசிய சைலோசைபின் குழுவினர், கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அதனை மெய்யான மறைஞான அனுபவமாகவே கருதினர். படைப்புப் பொருளைக் கடவுள் தம் அருளுக்குக் கருவியாக்கமாட்டார் என்று சொல்ல, அப்பமும் இரசமும் பரிமாறும் நமக்கு உரிமையில்லை.

நமது வினா அளவுகோலைப் பற்றியது. தத்துவ அறிஞர் ஸ்டேஸின் கருத்துகளைத் தழுவிப் பாங்க்கி ஒன்பது இயல்புகளை வகுத்தார். ஒருமையுணர்வு, கால இடங்களைக் கடத்தல், பேருவகை, புனித உணர்வு ஆகியன அவற்றுட் சில. வாழ்வில் நிலைக்கும் நன்மாற்றமும் அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், சிலுவையைத் தியானிக்கும் நாளில் நடந்த ஆராய்ச்சியின் பட்டியலில் மனந்திரும்புதலுக்கும் மன்னிப்புக்கும் தனியிடம் இல்லை. ஆலயத்தில் மகிமையைக் கண்ட ஏசாயா, முதலில் உணர்ந்தது தம் உதடுகளின் அசுத்தத்தையே. அதன் பின்னரே அவர் அனுப்பப்பட்டார். அவரை இந்த அளவுகோல் எவ்வாறு அளந்திருக்கும்?

இதனினும் பாரமான குறை ஒன்றுண்டு. சைலோசைபின் உண்ட மாணவர் ஒருவர், உலகிற்குச் செய்தி அறிவிக்கக் கடவுள் தம்மைத் தெரிந்துகொண்டதாக எண்ணி ஆலயத்தை விட்டு வெளியேறினார். அவருக்கு அமைதிப்படுத்தும் ஊசி போட நேர்ந்தது. ஆய்வேடு இதைக் கூறாது விட்டதை டாப்ளினே வெளிப்படுத்தினார். வேறு சிலர் பட்ட மனப்போராட்டமும் அதில் குறைத்தே சொல்லப்பட்டிருந்தது. மாறாக, 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, 36 பேரில் 11 பேர் கடும் அச்சத்திற்கு உள்ளானதை மறையாது பதிவுசெய்தது. அறிவியலுக்கு அதுவே அழகு.

இக்குறையைச் சுட்டும் நாம் நம்மையும் சோதித்துப் பார்ப்பது நன்று. நாமும் எழுப்புதல் கூட்டங்களில் மகிழ்ந்தோரின் சாட்சியைக் கேட்கிறோம். கலங்கி வெளியேறியவரைத் தேடிச் சென்று விசாரிப்பதில்லை. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிய மேய்ப்பரின் ஊழியர்களாகிய நமக்கு, அந்த ஒருவரைச் சேர்க்காத கணக்கு நிறைவான கணக்காகாது.