'தலைமுறைகள்': ஒளியில் எழுதிய உறவு

பாலுமகேந்திராவின் இறுதிப் படமான 'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டு மாதங்களுக்குள், 2014 பிப்ரவரி 13ஆம் நாள் அவர் மறைந்தார். தேசிய ஒருமைப்பாட்டிற்கான நர்கிஸ் தத் விருது பெற்ற இப்படத்தைத் தமிழாசிரியராகிய நாம் மொழிப்பற்றை வலியுறுத்தும் படமாகவே கொள்ள முற்படுகின்றோம். அவ்வாறு கொள்வது படத்தைச் சுருக்கிவிடும்.

கிறித்தவப் பெண்ணை மணந்த மகனை ஒதுக்கி வைத்தவர் கிராமத்துப் பெரியவர் சுப்பு. அவர் நோயுற்றதறிந்து மகன் பல்லாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகின்றான். பின்னர் வந்து சேரும் பேரன் ஆதித்யாவுக்குத் தமிழ் தெரியாது. தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'சந்தியா ராக'த்தில் (1989) முதியவர் நகரத்தை நாடிச் சென்றார். இங்கு நகரம் முதியவரை நாடி வருகின்றது.

படத்தின் உயிர்ப்பகுதி, இருவருக்கும் பொதுமொழி வாய்க்காத தொடக்க நாள்களே எனலாம். பாடல்கள் இல்லை. இளையராஜாவின் இசையும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஒளிப்பதிவும் இயக்குநருடையதே, இயற்கை ஒளியை நம்பிய அக்கலைஞர் முதியவராகத் தாமே நடிக்கவும் செய்துள்ளார். எனவே, அம்முகத்தில் விழும் ஒளியை ஒருவர் தம் முதுமையைத் தாமே பதிவு செய்ததாகவும் காணலாம். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, பிறந்த மண்ணை விட்டு வெகுதொலைவில் வாழ்ந்தவர் அவர். பேரனின் நினைவில் நிலைக்க விரும்பும் தாத்தாவின் ஏக்கத்தில் அவ்விழப்பும் கலந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

சாதி, சமய இறுக்கத்தில் உறைந்த முதியவர் மனம் நெகிழ்வது வாதத்தால் அன்று. ஒரு சிறுவனின் அண்மையால். இதனையே படத்தின் ஆன்மிகம் என்போம். தாத்தாவும் பேரனிடம் ஆங்கிலம் கற்கின்றார். கற்பிப்பவர் கற்பவராகவும் மாறும் இவ்விடத்தை நம் மொழிகற்பித்தல் ஆய்வுகள் இன்னும் கூர்ந்து நோக்கலாம்.

குறையும் உண்டு. வளர்ந்த ஆதித்யா (சசிகுமார்) தமிழிலக்கியத்திற்காகப் பரிசு பெற்றுத் தாத்தாவை நினைவுகூரும் இறுதிப்பகுதி, காட்சிகள் முன்பே உணர்த்தியதைச் சொற்களால் மீண்டும் கூறுகின்றது. மொழியின் பயன் மேடையில்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டுமா? பினாங்கில் 1816இல் ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய காலந்தொட்டு நாம் பள்ளியையும் மேடையையுமே மிகுதியாக நம்பி வந்துள்ளோம். தோட்டத்துக் குடும்பத்தைச் சித்திரித்த தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை'யில் (2005) தமிழ் வீட்டுப் பேச்சாகவே ஒலிக்கின்றது. அங்கு அதனைப் போற்றும் சொற்பொழிவு தேவைப்படவில்லை. 'தலைமுறைக'ளின் முற்பகுதியும் அத்தகையதே.

வகுப்பில் இப்படத்தைத் திரையிடுவோர் இறுதிக் காட்சிக்கு முன் நிறுத்திவிட்டு, ஆதித்யா பின்னாளில் என்னவானான் என மாணவரையே எழுதச் சொல்லிப் பார்க்கலாம். தத்தம் தாத்தா பாட்டியரைப் பற்றி அவர்கள் எழுதத் தொடங்கினாலும் தடுக்க வேண்டியதில்லை.